வழக்கொழிவு எச்சரிக்கை

மொழியில் ஒரு சொல் வழக்கொழிவதற்கு நாள் குறிப்பார் எவருமில்லை. மென்பொருள் நூலகத்தில் நிலைமை வேறு. பலரும் தம் நிரல்களில் எடுத்தாளுமாறு முன்னரே எழுதி வைக்கப்பட்ட செயற்கூறுகளின் தொகுப்பே நூலகம். அதனை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் எங்கெங்கு இயங்குகின்றன என்பதை எழுதியவரே அறியார். ஆதலின், ஒரு செயற்கூற்றை நீக்க விரும்புவோர் அதனைச் சிலகாலம் இயங்கவிட்டு, அழைப்போரிடம் 'இது நீக்கப்படவுள்ளது. மாற்று இது' என்று கூறச் செய்வர். இதுவே வழக்கொழிவு எச்சரிக்கை.

பைத்தான் மொழியில் இதற்குத் தெளிவான சான்றுண்டு. 'கலெக்‌ஷன்ஸ்' என்னும் தொகுதியில் இருந்த 'மேப்பிங்' முதலிய இனக்குழுக்கள், 2012இல் வெளிவந்த 3.3ஆம் பதிப்பில் புதிய தொகுதிக்கு மாற்றப்பட்டன. பழைய வழியும் திறந்தே இருந்தது. 2018இல் வந்த 3.7ஆம் பதிப்பு முதல் எச்சரிக்கை எழுந்தது. நீக்கும் காலம் ஒத்திவைக்கப்பட்டு, 2021இல் 3.10ஆம் பதிப்பில்தான் அவ்வழி அடைபட்டது. ஒன்பதாண்டு அவகாசம் இருந்தும் அன்று இயங்க மறுத்த நிரல்கள் பல.

காரணம் வியப்புக்குரியது. 2010இல் வந்த 2.7ஆம் பதிப்பு முதல் இவ்வகை எச்சரிக்கை இயல்பாகத் திரையில் தோன்றாதவாறு அமைக்கப்பட்டது. நிரலைப் பயன்படுத்துவோருக்கு அச்செய்தியால் பயனில்லை என்பது நியாயமே. ஆயினும், அதனைக் கேட்கவேண்டிய நிரலரின் செவிக்கும் அது எட்டாது போயிற்று. 3.7ஆம் பதிப்பில், நேரடியாக இயக்கப்படும் முதன்மை நிரலில் எழும் எச்சரிக்கை மட்டும் மீண்டும் காட்டப்பட்டது. மற்ற இடங்களில் சோதனைகளே துணை.

எச்சரிக்கையைச் சோதித்தல்

எச்சரிக்கையும் நிரலின் பகுதியே, அதுவும் பிழைபடக்கூடும். பழைய செயற்கூற்றை அழைத்து, எச்சரிக்கை எழுகிறதா, மாற்றுப்பெயர் சரியாக உள்ளதா, விடை முன்போலவே கிடைக்கிறதா என்று சோதனை நிரல் பார்க்க வேண்டும். புதிய செயற்கூற்றை அழைக்கும்போது அமைதி நிலவுவதையும் உறுதி செய்தல் வேண்டும். இதனைப் பலர் மறப்பர். புதியது தன்னுள்ளே பழையதை அழைக்குமாயின், அறிவுரைப்படி மாறியவரும் எச்சரிக்கப்படுவார்!

எச்சரிக்கை எந்த வரியைச் சுட்டுகிறது என்பதும் முதன்மையானது. நூலகத்தின் சொந்த வரியையே சுட்டினால், திருத்தவேண்டிய இடம் அழைத்தவருக்குத் தெரியாது. மேலும், எச்சரிக்கைகளைக் காட்டுமாறு பணித்தாலும், ஒரே வரியிலிருந்து எழும் ஒரே எச்சரிக்கையைப் பைத்தான் இயல்பாக ஒருமுறைதான் காட்டும். பத்து இடங்களில் பழைய பெயர் ஆளப்பட்டிருப்பினும், முதல் அழைப்பு மட்டுமே வெளிப்படும். எஞ்சிய ஒன்பதும் மறைந்திருக்கும். அழைத்தவரின் வரியைச் சுட்டுமாறு அமைத்தால் பத்தும் தனித்தனியே வெளிப்படும்.

நூலகத்தைப் பயன்படுத்துவோருக்கும் ஒரு வழியுண்டு. எச்சரிக்கைகளைப் பிழைகளாகக் கருதும் முறையில் சோதனைகளை இயக்கலாம். பழைய அழைப்பு வந்தவுடன் சோதனை நின்றுவிடும். ஆனால், பிறர் எழுதிய நூலகங்களின் எச்சரிக்கைகளும் அவ்வாறே நிறுத்தும். அவற்றை மட்டும் பெயர் குறித்து விலக்குவது பொறுமை வேண்டும் வேலை. அதற்குச் சலித்தோர் எல்லா எச்சரிக்கைகளையும் ஒருசேர அடக்கிவிடுகின்றனர். அடுத்த பதிப்பு வரும்வரை திரையில் எதுவும் தோன்றுவதில்லை.