தரவுத்தளத்துக்குத் தூது

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் மாணவன் ஒருவன் தன் பதிவெண்ணைக் கைப்பேசியில் இடுகின்றான். இமைப்பொழுதில் அவன் பெற்ற மதிப்பெண்கள் கண்முன் தோன்றுகின்றன. அவை கைப்பேசியினுள் இருந்தவை அல்ல. பதிவெண்ணை வாங்கிக்கொண்ட செயலியினுள் இருந்தவையும் அல்ல. வேறோரிடத்துக் கணிப்பொறியில், தரவுத்தளம் என்னும் பெருங்களஞ்சியத்தில் அவை அடங்கியிருந்தன. செயலி கேட்டது, தரவுத்தளம் கொடுத்தது. ஆயினும் செயலி பேசும் முறை வேறு; தரவுத்தளம் செவிமடுக்கும் முறை வேறு. இரண்டிற்கும் இடையே நின்று, ஒன்றன் சொல்லை மற்றொன்று உணருமாறு மாற்றி உரைப்பது ஒன்றுண்டு. அதனை இயக்கி என்பர். ஆங்கிலத்தில் டிரைவர் என்று பெயர் பெற்றமையால் வண்டி ஓட்டுவோரை நினைத்தல் வேண்டா. வணிகரிடையே இருமொழி உணர்ந்து பேசிய துபாஷியை நினைத்தலே பொருந்தும்.

களஞ்சியத்தின் இயல்பை முதற்கண் அறிவோம். இங்கிலாந்தில் 1923ஆம் ஆண்டு பிறந்த எட்கர் காட் என்னும் அறிஞர், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றினார். அந்நாளில் ஒரு செய்தியைப் பெற விரும்பும் செயலி, அச்செய்தி எவ்வழியே சென்றால் கிட்டும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். வைத்த முறை மாறினால் செயலியும் பழுதாகும். இக்குறையை நீக்க 1970ஆம் ஆண்டு அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். செய்திகளை அட்டவணைகளாக அமைத்திடுக. கேட்போர் ‘இன்னது வேண்டும்’ என்று மட்டும் சொல்லுக. எடுத்துத் தரும் வழியைத் தரவுத்தளமே தேடிக்கொள்ளட்டும் என்பது அதன் கருத்து. இவ்வகைக் களஞ்சியத்தைத் தொடர்புசார் தரவுத்தளம் என்கின்றனர். ‘தொடர்பு’ என்பது அட்டவணைகள் தம்முள் கொண்ட உறவு என்று பலர் கருதுவர். அது பொருந்தாது, கணித நூலார் வழக்கில் அட்டவணையையே குறிக்கும் சொல் அது. இங்ஙனம் கேட்பதற்கென்று சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974இல் ஒரு வினவல் மொழியை வெளியிட்டனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்றது.

வினவல் மொழி பொதுவாயினும், அதனைக் கம்பி வழியே கொண்டு செலுத்தும் முறையும் விடையை வாங்கும் முறையும் தரவுத்தளந்தோறும் வேறுபட்டன. களஞ்சியத்தை மாற்றினால் செயலியையும் பெரிதும் திருத்த நேர்ந்தது. இதற்குத் தீர்வாக 1992இல் ஓ.டி.பி.சி. என்னும் பொதுவிதியும், ஜாவா மொழிக்கு 1997இல் ஜே.டி.பி.சி. என்னும் பொதுவிதியும் தோன்றின. செயலி எழுதுவோர் விதியை மட்டும் நோக்கி எழுதுவர். ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் அவ்விதிக்கு இணங்கிய இயக்கி தனித்தனியே உண்டு.

ஜாவாவில் எழுதிய செயலி ஒன்று போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தை நாடுவதாகக் கொள்வோம். செயலி முதலில் ஒரு முகவரியைச் சொல்லும். எவ்வகைத் தரவுத்தளம், எந்தக் கணிப்பொறி, அதன் எத்தனையாவது வாயில், எந்தக் களஞ்சியம் என்பன அம்முகவரியின் உறுப்புகள். போஸ்ட்கிரஸ் வழக்கமாகக் காத்திருக்கும் வாயிலின் எண் 5432. இம்முகவரியை இயக்கி மேலாளர் பெற்று, தன்னிடம் பதிந்துள்ள இயக்கிகளை ஒவ்வொன்றாக ‘இது நின்னுடையதோ?’ என வினவும். உரிய இயக்கி இசைந்து முன்வரும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் காட்டி வாயிலைக் கடக்கும். எதுவும் முன்வராவிடின் ‘தகுந்த இயக்கி இல்லை’ என்னும் முறையீடு எழும். அவ்வாறாயின், பெரும்பாலும் முகவரியில் எழுத்துப்பிழை இருக்கும். அன்றேல் இயக்கியின் கோப்பைச் செயலியுடன் சேர்க்க மறந்திருப்பர்.

வாயில் திறந்த பின்னரே இயக்கியின் அருமை விளங்கும். இலக்கணம் பயிலும் நீங்கள் பெயர்ச்சொல் வேறு, வினைச்சொல் வேறு என்பதை அறிவீர்கள். ‘இப்பெயருடையார் மதிப்பெண்ணைத் தருக’ என்னும் கட்டளையில் ‘தருக’ என்பது செயலியின் சொல். பெயரோ கேட்க வந்தவர் தந்தது. எஸ்.கியூ.எல். மொழியில் பெயரின் இருபுறமும் ஒற்றை மேற்கோள் குறி இடுவர். ஓபிரையன் என்னும் அயர்லாந்துப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால், முதல் எழுத்தை அடுத்து அதே போன்ற குறி ஒன்று வரும். கட்டளையையும் பெயரையும் ஒட்டி ஒரே தொடராக அனுப்பினால், பெயர் முதல் எழுத்தோடு முடிந்தது எனத் தரவுத்தளம் கொள்ளும். எஞ்சிய எழுத்துகளைக் கட்டளையின் பகுதியாகப் படித்துத் தடுமாறும்.

ஓபிரையன் தீங்கு கருதியவர் அல்லர். தீங்கு கருதியவன் ஒருவன் வேண்டுமென்றே அக்குறியை இட்டு, ‘அல்லது ஒன்று ஒன்றுக்குச் சமம்’ என்று தொடர்ந்து எழுதினால் யாதாகும்? ஒன்று என்றும் ஒன்றுக்குச் சமம் ஆதலின், எல்லாருடைய செய்திகளும் அவன் கைக்கு வரும். பெயராக நின்றது வினையாகத் திரிந்து ஏவத் தொடங்குகின்றது. இது கற்பனை அன்று. 2015ஆம் ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் டாக்டாக் என்னும் தொலைபேசி நிறுவனத்தின் களஞ்சியம் இவ்வகைத் தாக்குதலுக்கு ஆளாயிற்று. 1,56,959 வாடிக்கையாளரின் செய்திகள் பிறர் கைப்பட்டன. அவர்களுள் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விவரங்களும் அவற்றுடன் போயின. அடுத்த ஆண்டு அந்நாட்டுத் தகவல் ஆணையர் அந்நிறுவனத்துக்கு நான்கு இலட்சம் பவுன் தண்டம் விதித்தார்.

இதற்குரிய காப்பு இயக்கியிடமே உள்ளது. பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு வினாக்குறியை இட்டுக் கட்டளையை அமைத்தல் வேண்டும். இயக்கி அக்கட்டளையை ஒரு செய்தியாகவும், பெயரை வேறு செய்தியாகவும் பிரித்து அனுப்பும். தரவுத்தளம் கட்டளையின் இலக்கணத்தை முன்னரே பிரித்து உணர்ந்துகொள்ளும். பின்னர் வரும் பெயரில் எத்தகைய குறி இருப்பினும் அது பெயராகவே நிற்கும். ஜே.டி.பி.சி. தோன்றிய நாள்தொட்டு இவ்வசதி உண்டு. கையில் இருந்த கருவியைக் கொள்ளாது, சொற்களை ஒட்டி ஒட்டிக் கட்டளை எழுதுவது சோம்பலே அன்றி வேறன்று.

விடை திரும்பும்போதும் விழிப்பு வேண்டும். தேர்வெழுதிச் சுழியம் பெற்றவன் ஒருவன். தேர்வுக்கே வாராதவன் மற்றொருவன். பின்னவனுக்குரிய கட்டத்தில் தரவுத்தளம் ‘இன்மை’ என்று குறித்து வைக்கும். சுழியம் ஓர் எண்; இன்மை எண் அன்று. ஆனால் ஜாவாவின் முழுவெண்ணுக்கு இன்மையை ஏந்தும் இடமில்லை. ஆதலால் முழுவெண்ணாகக் கேட்குங்கால், இன்மைக்கும் இயக்கி சுழியத்தையே தரும். ‘ஈண்டு இருந்தது இன்மையோ?’ என மீண்டும் வினவினால் உண்மையை உரைக்கும். வினவாத செயலி, நோயுற்று வாராதிருந்த பிள்ளையைச் சுழியம் பெற்றவனாக ஊரறியக் காட்டிவிடும். துபாஷி பொய் சொல்லவில்லை. கேளாததைத் தானே சொல்லவும் இல்லை.

வந்த பணி முடிந்ததும் இணைப்பை மூடுதல் வேண்டும். போஸ்ட்கிரஸ், வேறு ஏற்பாடு செய்யாவிடின், ஒரே நேரத்தில் 100 இணைப்புகளையே ஏற்கும். மூடாது விட்டவை பெருகினால், பின்னர் வருவோர் வாயிலிலேயே தடுக்கப்படுவர். இணைப்பை ஏற்படுத்துவதற்கும் காலம் செல்லும். ஆகையால் பெரிய செயலிகள் சில இணைப்புகளைத் திறந்தபடியே ஒரு தொகுப்பாக வைத்து, வேண்டுவோர்க்கு வழங்கித் திரும்பப் பெற்றுக்கொள்ளும். 2011இல் வெளிவந்த ஏழாம் ஜாவா முதல், உரிய முறையில் எழுதினால், வேலை முடிந்ததும் இணைப்பு தானே மூடிக்கொள்ளும். இடையில் பிழை நேரினும் மூடத் தவறுவதில்லை.