திசையைத் தேட வைக்கும் கேள்விகள்

தொடக்க வகுப்புகளில் நிலப்படம் கற்பிக்க முற்படும் இளம் ஆசிரியருக்கு,

சுவரில் மாட்டிய நிலப்படத்தில் வடக்கு மேலே இருப்பதால், வடக்கு எங்கே என்று கேட்டதும் கூரையைச் சுட்டும் குழந்தை, படம் தொங்கிய விதத்தையே பாடமாகக் கற்றிருக்கிறது. ஆகவே கேள்வி கேட்பதற்கு முன், படத்தைத் தரையில் விரித்து, அதன் வடக்கு மெய்யான வடக்கை நோக்குமாறு திருப்பி வைப்பது ஆசிரியரின் முதற்கடமை.

பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழு 1956இல் வெளியிட்ட வகைப்பாடு, 2001இல் திருத்தப்பட்ட வடிவில், சிந்தனையை நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாராய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என ஆறு நிலைகளாக வகுக்கிறது. தமிழ்நாட்டுக்குக் கிழக்கே உள்ள கடல் எது என்பதற்கு நினைவு போதும். சென்னையிலிருந்து கன்னியாகுமரி எத்திசையில் உள்ளது என்று கேட்டாலோ, தெற்கு என்று சட்டென எழும் விடையைப் படத்தோடு ஒப்பிட்டுத் தென்மேற்கு எனத் திருத்தும்போதுதான், இரு முதன்மைத் திசைகளுக்கு நடுவிலுள்ள இடைத்திசை எதற்காக என்பது குழந்தைக்கு விளங்கும்.

பகுத்தாராயும் கேள்விக்கே மிகுதியான நேரம் ஒதுக்கத் தகும். ஆறு தாழ்வான நிலத்தை நோக்கிப் பாய்வதும், படத்தில் தெற்கு கீழே இருப்பதும் குழந்தையின் மனத்தில் ஒன்றாகிவிடுவதுண்டு. மேட்டூரிலிருந்து பவானி வரை தெற்கே செல்லும் காவிரி பின்னர் ஏன் கிழக்கே திரும்புகிறது, ஆப்பிரிக்காவின் நைல் ஆறு வடக்கு நோக்கி ஓடி மத்தியதரைக் கடலில் கலப்பது எவ்வாறு என்ற இரு கேள்விகளையும் அடுத்தடுத்துக் கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருந்தால், ஆற்றின் போக்கைத் தீர்மானிப்பது நிலத்தின் சரிவே, திசையன்று என்பதைக் குழந்தைகளே கண்டடைவார்கள்.

சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக 1154இல் அல் இத்ரிசி உருவாக்கிய உலகப்படத்தில் தெற்கு மேலே உள்ளது. அது பிழையான படமா என்று கேட்பது மதிப்பிடும் நிலைக்குரியது. வடக்கை மேலே வைப்பது வரைவோரின் வழக்கமே தவிர இயற்கையின் விதியன்று என்ற தெளிவு அவ்விவாதத்தில் பிறக்கும்.

இந்நிலைகளை ஒவ்வொன்றாய் ஏறியே தீரவேண்டிய படிகளாக ஆசிரியர் கொள்ளலாகாது. திசைப்பெயர்களை மாற்றிச் சொல்லும் குழந்தையும், பள்ளியிலிருந்து ரேஷன் கடைக்குச் செல்லும் வழியைப் பிழையின்றி வரையக்கூடும் என்பதால், படைக்கும் பணியை ஆண்டிறுதிக்குத் தள்ளிவைக்கத் தேவையில்லை. அவ்வழியை இடம், வலம் என்ற சொற்களின்றித் திசைகளால் மட்டும் எழுதச் செய்து, மற்றொரு குழந்தையை அதன்படி நடக்கவிட்டால், நடப்பவர் திரும்பும்போதெல்லாம் மாறும் இடவலத்துக்கும் மாறாது நிற்கும் திசைக்கும் உள்ள வேறுபாடு முதல் திருப்பத்திலேயே புலப்படும்.