உணவு கெடுதலைக் கண்டறியும் வேதி உணரிகள்: முக்கியக் குறிப்புகள்

பகுதி
• தேவதானம்: விருதுநகர் மாவட்டம், இராஜபாளையம் வட்டம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். விளைவன தென்னை, மா (கீழே கொப்பரை, மாம்பழம்).
• திருவில்லிபுத்தூர் பால்கோவா: புவிசார் குறியீடு 2019. மூலப்பொருள்கள் பால், சர்க்கரை.

வரையறை
• வேதி உணரி: ஒரு சேர்மத்தின் இருப்பையும் செறிவையும் அளவிடத்தக்க சைகையாக மாற்றும் கருவி.
• பகுதிகள் 2: ஏற்பி, ஆற்றல்மாற்றி. ஏற்பி நொதியாகவோ எதிர்ப்பொருளாகவோ இருப்பின் உயிரி உணரி.
• உணரி அறிவது உணவை அன்று. கெடும்போது உருவாகும் சேர்மத்தை. சேர்மத்தின் பெயரே முதல் பாடம்.

பால்
• புதிய பசும்பாலின் பி.எச். மதிப்பு: 6.6–6.8.
• லாக்டோஸ் → லாக்டிக் அமிலம் (பாக்டீரியா).
• பால் புரதமான கேசீன் திரளும் சமமின் புள்ளி: பி.எச். 4.6.
• அமிலத்தன்மை சற்றுக் கூடினாலே கொதிக்கும்போது பால் திரியும், கோவாவுக்கு உதவாது. பால்கோவாவின் தரம் அடுப்பேறும் முன்பே முடிவாவது இதனால்தான்.
• மெத்திலீன் நீலச் சோதனை: நீலம் மறைய 5 மணி நேரமோ அதற்கு மேலோ ஆயின் மிக நன்று, அரை மணிக்குள் மறைந்தால் மோசம். விரைந்த மறைவு = மிகுந்த பாக்டீரியா.

கொழுப்பு ஊசிப்போதல் (வழக்கில்: சிக்கு வாடை)
• நீராற்பகுப்பு வகை: லிப்பேஸ் நொதி; பால் கொழுப்பிலிருந்து பியூட்டிரிக் அமிலம் (4 கார்பன்).
• ஆக்சிஜனேற்ற வகை: பெராக்சைடு → ஆல்டிஹைடு. குறிகாட்டி ஹெக்சனல் (6 கார்பன்).
• கீட்டோன் வகை: தேங்காய், கொப்பரையில் குறிப்பாகக் காணப்படுவது, பலரும் விட்டுவிடும் வகை. காரணம் பூஞ்சை. ஒரு கார்பன் குறையும்: லாரிக் அமிலம் (12) → 2-அன்டெக்கனோன் (11).

மீன்
• டிரைமெத்திலமீன் ஆக்சைடு (மணமற்றது) → டிரைமெத்திலமீன் (மீன் வாடை).
• கடல்மீனுக்கே நம்பத்தக்க குறிகாட்டி. நன்னீர் மீனில் மூலச்சேர்மம் பொதுவாக மிகக் குறைவு. கண்மாய் மீனுக்குப் பொருந்தாது.
• கார்பாக்சில் நீக்கம்: ஹிஸ்டிடின் → ஹிஸ்டமின், லைசின் → கடாவரின், ஆர்னித்தின் → புட்ரெசின், டைரோசின் → டைரமின்.
• ஹிஸ்டமின்: சமைத்தாலும் அழியாது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் மிகுதி.

முதன்மைகளும் உணரிப் பொருள்களும்
• 1909: பி.எச். அளவுகோல் – சோரன்சென்.
• 1962: நொதி மின்முனை – கிளார்க், லயன்ஸ்.
• 1962: வெள்ளீய ஆக்சைடு வாயு உணரி, காப்புரிமை விண்ணப்பம் – டகுச்சி (ஜப்பான்).
• 1982: மின்னணு மூக்கு – பெர்சாட், டாட் (வார்விக் பல்கலைக்கழகம்).
• வெள்ளீய ஆக்சைடு: என்-வகைக் குறைகடத்தி, இயங்கு வெப்பநிலை ஏறத்தாழ 200–400° செ.; ஒடுக்கும் வாயு பட்டால் மின்தடை குறையும். பெருங்குறை: ஈரப்பதம்.
• சங்குப்பூ ஆந்தோசயனின் படலம்: அமிலத்தில் சிவப்பு, நடுநிலையில் நீலம், காரத்தில் பச்சை.

கெடுதல் வேறு, கலப்படம் வேறு
• எத்திலீன்: மாம்பழம் பழுத்தலின் குறிகாட்டி. செயற்கைப் பழுக்கவைப்பில் அனுமதி வரம்பு 100 பி.பி.எம்.; கால்சியம் கார்பைடுக்குத் தடை.
• அயோடின் கரைசல், கோவாவில் நீலம்: ஸ்டார்ச் கலப்படம்.
• மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் (கொச்சி), 2018: மீனில் ஃபார்மால்டிஹைடு, அம்மோனியா அறியும் தாள் பட்டைகள்.
• சென்னை ஐ.ஐ.டி., 2023 அறிவிப்பு: முப்பரிமாணத் தாள் கருவி, மாதிரி 1 மி.லி.; 30 வினாடி; யூரியா, சோப்பு, டிடர்ஜென்ட், ஸ்டார்ச், ஹைட்ரஜன் பெராக்சைடு, சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட், உப்பு என 7 பொருள்கள். இது கலப்பட உணரி; கெடுதல் உணரி அன்று.