தலைவர்களும் தம்மை அறியும் வினாக்கொத்தும்

எமது பிள்ளைகள் பலர் இன்று இந்நாட்டு வங்கிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கவுன்சில் அலுவலகங்களிலும் முகாமையாளர்களாகப் பணிபுரிகின்றனர். பதவி உயர்வு கிடைத்ததும் இரண்டு மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பப்படுகின்றனர். அங்கே முதல் வேலையாக ஒரு வினாக்கொத்தை நிரப்பச் சொல்வார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் இன்ன வகை ஆளாம்" என்று சொல்லும். "இதென்ன புதுச் சோதிடம்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. இது எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் நம்பலாம், எமது கோவில் நிர்வாகத்துக்கு இதனால் ஏதும் பயன் உண்டா என்பவற்றை இங்கு பார்ப்போம்.

லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் நதிக்கரையில் ஹென்லி என்றோர் ஊர் உண்டு. அதன் அருகே 1945இல் உயர் நிர்வாகிகளுக்கென ஒரு கல்லூரி நிறுவப்பட்டது. 1956இல் ஹைதராபாத்தில் தொடங்கிய இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரிக்கும் இதுவே முன்மாதிரி. 2008இல் ரெடிங் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, இன்று ஹென்லி பிஸ்னஸ் ஸ்கூல் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கு பயில வந்த நிர்வாகிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரு கம்பனியை நடத்துவதுபோன்ற போட்டி விளையாட்டு ஒன்றை நடத்துவார்கள். எந்தக் குழு கூடுதல் இலாபம் காட்டுகிறதோ அது வென்றது. மெரடித் பெல்பின் என்ற ஆய்வாளரும் அவருடைய உதவியாளர்களும் 1970களில் இக்குழுக்களைப் பல ஆண்டுகள் அருகிலிருந்து கவனித்தனர். யார் பேசினார், யார் யோசனை சொன்னார், யார் மறுத்தார் என்பதையெல்லாம் குறித்துக்கொண்டனர்.

அவர்கள் கண்டவற்றுள் ஒன்று எம்மவர் அவசியம் அறியவேண்டியது. மிகக் கூர்மையான மூளைசாலிகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரு குழுவில் போட்டுப் பார்த்தார்கள். அதற்கு 'அப்பலோ' குழு என்று பெயரிட்டார்கள். வெல்லும் என்று எதிர்பார்த்த இக்குழுக்கள் பெரும்பாலும் பின்தங்கின. ஒருவர் சொன்னதில் மற்றவர் ஓட்டை கண்டுபிடிப்பார், யாரும் விட்டுக்கொடார், அவசர வேலை ஒருபக்கம் கிடக்கும். டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன், சட்டத்தரணி என்று நிரம்பியிருக்கும் எமது சங்கங்களின் நிர்வாக சபைக் கூட்டங்களில் இருந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மண்டபத்துக்கு என்ன நிறப் பூச்சு என்பதில் இரண்டு மணித்தியாலம் போகும். காப்புறுதி புதுப்பிக்கும் திகதி தாண்டிவிட்டதை ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

பெல்பின் 1981இல் வெளியிட்ட நூலில், குழுவில் மனிதர் வகிக்கும் பாத்திரங்கள் எட்டு என்று கூறினார். பின்னர் ஒன்பதாவதும் சேர்ந்தது. புதிய யோசனை தருபவர், வெளித்தொடர்பு தேடுபவர், எல்லோரையும் ஒருங்கிணைப்பவர், முடுக்கிவிடுபவர், நிதானமாக எடைபோடுபவர், மனஸ்தாபம் தீர்ப்பவர், சொன்னதைச் செயலாக்குபவர், கடைசி முடிச்சுவரை பார்த்து முடிப்பவர், ஒரு துறையில் ஆழ்ந்த நிபுணர் என இவை அமையும். ஒவ்வொரு பலத்துக்கும் பக்கத்தில் ஒரு பலவீனத்தையும் அவர் எழுதியிருக்கிறார். கடைசிவரை பார்த்து முடிப்பவர் பிறரிடம் வேலையை ஒப்படைக்கத் தயங்குவார். திருவிழாவுக்கு முதல்நாள் இரவு தனியாளாக நின்று வாழைமரம் கட்டுபவரை எல்லாக் கோவிலிலும் காணலாம்.

அந்நூலில்தான் வினாக்கொத்தும் வந்தது. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றிலும் சில வாக்கியங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பத்துப் புள்ளிகள் தரப்படும். அவற்றைத் தனக்குப் பொருந்தும் வாக்கியங்களுக்கிடையே பங்கிடவேண்டும். கணக்காளன் கண்ணுக்கு இது வரவு செலவுத் திட்டம்போல. எல்லோருக்கும் மொத்தம் எழுபது புள்ளிதான். ஒன்றுக்குக் கூட்டினால் இன்னொன்றில் குறையும். ஆகவே "எனக்கு இதில் இருபது, அவருக்குப் பன்னிரண்டு" என்று இருவரை ஒப்பிடுவது சரியல்ல. லண்டன் யூனிவேர்சிற்றி கொலிஜைச் சேர்ந்த ஏட்ரியன் ஃபேர்னமும் உடன் ஆய்வாளரும் 1993இல் இவ்வினாக்கொத்தைப் பரிசோதித்து, அதன் அளவிடும் திறன்மீது பலத்த ஐயங்களை எழுப்பினர். பெல்பின் அதற்கு மறுப்பு எழுதினார்.

என் எண்ணத்தில் பெரிய குறை வேறொன்று. தன்னைப்பற்றித் தானே நிரப்பும் தாள், தான் எழுதிய காசேடு மாத்திரமே. காசேட்டில் ஐயாயிரம் பவுண் மீதி என்று இருக்கலாம். வங்கிக் கூற்று வந்தபின்தான் எது உண்மை என்று தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்து இணக்கக் கூற்றுத் தயாரிக்கும்போது, வித்தியாசம் எங்கே என்று தேடுவதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. பெல்பின் முறையிலும் பிற்காலத்தில், கூட வேலை செய்பவர்கள் நிரப்பும் தாள் ஒன்று சேர்க்கப்பட்டது. பயிற்சி வகுப்புகளில் இப்போது மேலதிகாரி, சக ஊழியர், கீழே வேலை செய்பவர் என எல்லாரிடமும் கேட்கிறார்கள். அமெரிக்கரான ஜோசப் லுஃப்ற், ஹரிங்டன் இங்ஹாம் இருவரும் 1955இல் வரைந்த 'ஜோஹாரி ஜன்னல்' என்ற படமும் இதையே காட்டுகிறது. பிறருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாத ஒரு கட்டம் அதில் உண்டு.

எமது சங்கங்களில் வங்கிக் கூற்று வருவதே இல்லை. தலைவர் தாம் எல்லோர் சொல்லையும் கேட்டு நடப்பவர் என்று உண்மையாகவே நம்புவார். "தலைவர் அண்ணை, நீங்கள் எங்களைப் பேச விடுவதில்லை" என்று யார் சொல்வது? வயதுக்கு மரியாதை, ஊர்த் தொடர்பு, சம்பந்தி உறவு எல்லாம் வாயைக் கட்டும். கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில்தான் உண்மை பேசப்படும். இளையவர்கள் அதுவும் பேசாமல், அடுத்த கூட்டத்துக்கு வராமல் விட்டுவிடுவார்கள். நாற்பது வயதுக்குட்பட்டவர் ஒருவர்கூட இல்லாத நிர்வாக சபைகள் எத்தனை! சரிற்றி கொமிஷனில் பதிவுபெற்ற ஸ்தாபனத்தில் நம்பிக்கைப் பொறுப்பாளர் அனைவரும் கூட்டாகப் பொறுப்பாளிகள். வாய் திறக்காதவரும் அதில் அடக்கம். சரிற்றிகளுக்கான நிர்வாக நெறிக்கோவையின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பும், சபை தன் செயற்பாட்டைத் தானே மீளாய்வு செய்யவேண்டும் என்றது. அது சட்டமல்ல, விரும்பிப் பின்பற்றுவது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. குளூகர், டிநிஸி என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் நூற்றுக்கணக்கான பரிசோதனை முடிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பிறர் கருத்தைச் சொன்னபின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட முடிவுகளில் வேலைத்திறன் குறைந்தே இருந்தது. கருத்து, செய்த வேலையை விட்டு ஆளின்மேல் திரும்பும்போது கெடுதல் விளைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆகவே "தலைவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்கக்கூடாது. "சென்ற கூட்டத்தில் நிகழ்ச்சிநிரலை எத்தனை நாள் முந்தித் தந்தார்? மாறுபட்ட கருத்தை முடியும்வரை கேட்டாரா? எந்த வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்தார்?" என்று கேட்கலாம். தேர்தலில் ஆளைக் கழிக்கவும் இதைப் பாவிக்கக்கூடாது. ஒருமுறை அப்படிச் செய்தால் மறுமுறை ஒருவரும் உண்மை எழுதார்.

காசு கொடுத்து வினாக்கொத்து வாங்கவேண்டிய அவசியமில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஐந்து கேள்விக்குத் தம்மைப்பற்றித் தாமே பதில் எழுதட்டும். அதே கேள்விக்கு மற்ற உறுப்பினரும் தொண்டரும் பெயரின்றி எழுதட்டும். எங்கள் சனத்துக்கு ஒருவர் கையெழுத்தை மற்றவர் நன்றாகத் தெரியும். எனவே சரி, பிழை அடையாளம் இடுவதாக இருக்கட்டும், அல்லது தட்டச்சில் இருக்கட்டும். தாள்களைச் சேர்ப்பவர் சபைக்கு வெளியே உள்ளவராக இருக்கவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போதும். அவர் கூட்டுத்தொகையை மட்டும், உரியவரிடம் தனியாகக் கொடுப்பார். திருவிழா முடிந்த களைப்பு ஆறியபின், பொதுச்சபைக் கூட்டத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு வைத்துக்கொண்டால் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும்.

படிவத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடவேண்டும். தமிழில் எழுதக் கூச்சப்பட்டு மூலையில் நிற்கும் பிள்ளைகளிடம் ஆங்கிலத் தாளைக் கொடுத்தால் பின்பக்கத்திலும் எழுதுவார்கள்.