ஆபீஸில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்டால்...

வேலைக்குத் திரும்ப கொரோனா தடுப்பூசி கட்டாயம் என்கிறார்களா? கோபத்தில் ராஜினாமா கடிதம் நீட்டாதீர்கள். வாய்மொழி உத்தரவு என்றால், எழுத்தில் தரச்சொல்லி எச்.ஆருக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள். ஊசி போட்டவர்கள் சான்றிதழில் பெயர், பிறந்த ஆண்டு ஆதாரோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது நல்லது. இனிஷியல்தான் பெரும்பாலும் காலை வாரும்! ஊசியால் முன்பு கடும் ஒவ்வாமை வந்தவர்கள் டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து, வீட்டிலிருந்தே வேலை, முகக்கவசம், பரிசோதனை என மாற்றுவழி கேட்கலாம். வியாதி வரலாறு முழுவதையும் மேனேஜரிடம் ஒப்பிக்க வேண்டாம்.

யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே 2-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால், ஊசி போடாதவர்கள் மீதான கட்டுப்பாடுகளை மறுபரிசீலனை செய்யும்படி தனியார் நிறுவனங்களுக்கு அது சொன்னது யோசனைதான். அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள்.