மின்கலத்தின் உள்ளே

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

“கைபேசி வாங்கி இரண்டு வருடந்தான் ஆகிறது. பாட்டரியில் ஏன் சார்ஜ் நிற்க மாட்டேன் என்கிறது? நீ படிக்கிறவனாயிற்றே, சொல்” என்று விடுமுறையில் என் தந்தையார் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விடை தெரியாமல் விழித்தேன். பின்னர் தேடிப் படித்ததை இங்கே தருகிறேன்.

லித்தியம் அயனி மின்கலத்தில் இரு மின்முனைகளுக்கு நடுவே மின்பகுளி என்னும் திரவம் இருக்கிறது. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குச் செல்கின்றன, பயன்படுத்தும்போது திரும்புகின்றன. இப்பயணங்களில் சிறிது சிறிதாக லித்தியம் எதிர்முனையின் மேல் வளரும் படலத்தில் சிக்கித் திரும்பாமலே போகிறது. கலம் முதுமையடைய இது ஒரு முக்கியக் காரணம்.

இதைக் கண்ணால் காண முடியுமா? 1931-இல் பெர்லினில் ருஸ்காவும் நோலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியை அமைத்தனர். ஆனால் எலக்ட்ரான் கற்றைக்கு வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தில் திரவம் ஆவியாகிவிடும். ஆகவே மின்முனையைப் பிரித்தெடுத்து, கழுவி, உலர்த்திப் பார்ப்பதே வழக்கமாயிற்று. நம் ஆய்வகத்தில் செம்பு வோல்ட்டாமீட்டரின் தகட்டை உலர்த்தி எடை போடுகிறோம் அல்லவா? எவ்வளவு செம்பு படிந்தது என்று அறிகிறோம். எப்படிப் படிந்தது என்று அறிவதில்லை.

2003-இல் பிரான்சிஸ் ராஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழியை வெளியிட்டனர். சிலிக்கான் நைட்ரைடாலான இரு மெல்லிய சன்னல்களுக்கு நடுவே திரவத்தை அடைத்து, செம்பு படியும்போதே அதைப் படம் பிடித்தனர். இத்தகைய சன்னலின் தடிப்பு தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே. 2014-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் இம்முறையில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் துகள்களை ஆராய்ந்தனர். ஒரே மின்முனையில், ஒரே நேரத்தில், ஒவ்வொரு துகளும் வெவ்வேறு விதமாக லித்தியத்தை இழப்பதைக் கண்டனர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பார்க்க உதவும் கற்றையே திரவ மூலக்கூறுகளைச் சிதைக்கும், குமிழிகளை உண்டாக்கும். மின்கலம் செய்ததா, கற்றை செய்ததா என்ற ஐயம் எழும். எனவே கற்றையின் அளவைக் குறைத்தும், கற்றையின்றி அதே சோதனையைச் செய்து ஒப்பிட்டும் முடிவு காண வேண்டும். கண்ணால் கண்டதையும் சோதித்த பின்பே நம்புவது அறிவியலின் நேர்மை.

அடுத்த விடுமுறையில் தந்தையாருக்குச் சொல்ல என்னிடம் விடை இருக்கிறது. அவர் இன்னொரு கேள்வி கேட்பார் என்பதும் தெரியும்.