அயோடினிடம் கேள்வி கேட்கும் முறை

அன்புள்ள குழந்தாய்,

உருளைக்கிழங்கை அரிந்து அதன்மேல் அயோடின் துளி விட்டதும் அது கருநீலமாக மாறியதைப் பள்ளிக்கூடத்தில் கண்டதாகவும், வீட்டுக்கு வந்து சர்க்கரையின்மேல் அதே மருந்தை விட்டுப் பார்த்தபோது நீலத்தின் சாயலே காணவில்லை என்றும், இரண்டும் நாம் உண்ணும் பதார்த்தங்களாயிருக்க ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்த விசேஷம் என்றும் எழுதியிருந்தாய். ஆசிரியர் செய்துகாட்டியதோடு திருப்தியடைந்துவிடாமல் வேறொன்றின்மேலும் விட்டுப் பார்த்தாயே, அந்தக் காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன். அயோடினிடம் கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது அநேக விஷயங்களைச் சொல்லும்; கேட்கத் தெரியாதவர்களையோ வெகு சுலபமாக ஏமாற்றிவிடும்.

அப்பொருள் மனிதர் கைக்குக் கிடைத்ததே ஒரு யுத்தத்தின் நிமித்தமாகத்தான். நெப்போலியனுடைய போர்களுக்கு வெடிமருந்து வேண்டியிருந்தது. வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டியிருந்தது. பிரான்ஸ் தேசத்தில் வெடியுப்புக் காய்ச்சிவந்த பெர்னார் குர்த்துவா என்பவர், அத்தொழிலின்பொருட்டுக் கடற்பாசிச் சாம்பலைக் கையாண்டுவந்த காலத்தில், 1811-ஆம் ஆண்டில், சாம்பற்கரைசலோடு கந்தகத் திராவகம் மிகுதியாகச் சேரவே ஊதா நிற ஆவி எழுந்து, குளிர்ந்த இடங்களில் பளபளக்கும் கரும்படிகங்களாகப் படிந்ததைக் கண்டார். 1814-இலேயே கோலான், கோத்தியே த குளோப்ரி என்னும் இரு பிரெஞ்சு ரசாயன சாஸ்திரிகள் மாவுச்சத்தோடு சேர்ந்தால் இப்புதுப் பொருள் நீலமாவதை விவரித்துவிட்டார்கள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மாவுச்சத்து என்பதும் குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையால் ஆனதே. ஆனால் அதில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அணுத்திரள்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. அச்சங்கிலிகளில் கிளைவிடாத ஒரு வகைக்கு அமிலோஸ் என்று பெயர். அது நேராக நீண்டு கிடப்பதில்லை. சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ் வீதம் சுருண்டுகொண்டு, நடுவே ஒரு குகைவழியை உண்டாக்கிக்கொள்கிறது. கண்ணாடி வளையல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்கின் நடுவே ஒரு குச்சியைச் செருகினாற்போல, அயோடின் அணுக்கள் அக்குகைவழிக்குள் வரிசையாகச் சென்று அமர்ந்துகொள்கின்றன. தனியாயிருக்கும்போது பழுப்பாகத் தோன்றும் அயோடின், இவ்வாறு வரிசைப்பட்டபின் ஒளியை வேறு விதமாகக் கிரகித்து நம் கண்ணுக்கு நீலமாகிறது. நீ தின்னும் சர்க்கரையிலோ ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் மட்டுமே இணைந்திருக்கின்றன. சுருளுமில்லை, குகையுமில்லை, ஆகையால் நீலமுமில்லை. கிளைகள் நிறைந்த மற்றொரு வகை மாவுச்சத்துக்கு அமிலோபெக்டின் என்று பெயர். அதன் சுருள்கள் குட்டையாதலால் நிறம் செவ்வூதாவாகவே நின்றுவிடும். நீலமான கஞ்சியைச் சூடாக்கினால் நிறம் மறைவதையும், ஆறவிட்டால் திரும்ப வருவதையும் நீயே பிரத்தியட்சமாகக் காணலாம். சூட்டில் அணுக்கள் சுருளைவிட்டு வெளியேறி, குளிர்ச்சியில் மீண்டும் குடியேறுகின்றன. கொதிக்கும் கஞ்சியில் அயோடினை விட்டுவிட்டு, இதில் மாவுச்சத்தே இல்லை என்று சொல்பவன் பெரும் பிழை செய்கிறான்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான். நீலம் வந்தால் அயோடின் "உண்டு" என்கிறது. அந்த வார்த்தையைப் பெரும்பாலும் நம்பலாம். நீலம் வராதபோது அது "இல்லை" என்று சொல்கிறதா, அல்லது சொல்ல முடியாமல் வாய் கட்டப்பட்டிருக்கிறதா என்று விசாரிக்காமல் தீர்ப்பெழுதக் கூடாது. வடிகஞ்சியை நீர்க்க விளாவி, ஒரு துளி அயோடின் விட்டு நீலமாக்கிக்கொள். அதில் எலுமிச்சம்பழச் சாற்றையோ நெல்லிக்காய்ச் சாற்றையோ சொட்டுச் சொட்டாக விட்டால் நீலம் கரைந்து வெளுத்துவிடும். மாவுச்சத்து எங்கும் போய்விடவில்லை. அச்சாறுகளிலுள்ள 'சி' வைட்டமின் அயோடினை நிறமற்ற அயோடைடாக மாற்றிவிட்டது. இவ்வாறே பாலைக் காய்ச்சி ஆறவைத்து அயோடின் விட்டுப் பார்க்கும்போது நீலம் தோன்றினால் அதில் மாவு கலந்திருப்பது வெளிப்படை. தோன்றாவிட்டாலோ மாவு கலக்கவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது, தண்ணீர் கலந்ததைப் பற்றி அயோடின் வாயே திறக்காது.

ஆதலால் எந்தப் பரிசோதனை செய்தாலும் பக்கத்திலே இரண்டு சாட்சிகளை வைத்துக்கொள்: வெறும் தண்ணீரில் விட்ட ஒரு துளி, கஞ்சித் தண்ணீரில் விட்ட ஒரு துளி. முன்னது நீலமாகாமலும் பின்னது நீலமாகவும் இருந்தால்தான் மருந்து சரியாக வேலை செய்கிறது என்று பொருள். படிக அயோடின் தண்ணீரில் மிகச் சொற்பமாகவே கரையும்; பொட்டாசியம் அயோடைடு என்னும் உப்பைச் சேர்த்தால் தாராளமாகக் கரையும். மருந்துக்கடை டிங்சரில் சாராயத்தோடு இவ்வுப்பும் சேர்ந்திருப்பது வழக்கமாதலால், அதில் சில துளிகளை நீரில் கலந்து வைக்கோல் நிறமாக்கிக்கொண்டால் போதுமானது. அயோடின் பட்ட எதையும் வாயில் வைக்காதே. கஞ்சி போட்ட துணிகளையும் தூரத்தில் வை, அவையும் நீலமாகிவிடும்.

இம்மருந்தைக் கொண்டு செய்யப்பட்டவற்றுள் எனக்கு எல்லாவற்றினும் அழகாகத் தோன்றுவது ஜெர்மனி தேசத்துத் தாவர சாஸ்திரியான யூலியுஸ் ஸாக்ஸ் செய்த ஆராய்ச்சி. 1860-களில், பான் நகரை அடுத்த பாப்பல்ஸ்டார்ஃப் விவசாயக் கலாசாலையில் இருந்தபோது, இலையின் பச்சையத் துணுக்குகளில் காணும் மாவுச்சத்து வெளிச்சத்தில் உண்டாகிறது, இருட்டில் மறைகிறது என்பதை அவர் நிரூபித்தார். இலைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் சமையலை அயோடினின் வாயிலாகவே உலகம் கண்டது என்று சொன்னால் மிகையாகாது. நீயும் இதைச் செய்யலாம். தொட்டியிலுள்ள ஒரு செம்பருத்திச் செடியை இரண்டு நாள் இருட்டறையில் வைத்து, முன்பு சேர்ந்த மாவுச்சத்தெல்லாம் செலவாகும்படி செய்துவிட்டு, ஓர் இலையின் நடுவே இருபுறமும் கறுப்புக் காகிதத்தைப் பட்டையாகப் பொருத்திச் சில மணி நேரம் நல்ல வெயிலில் வை. பிறகு அவ்விலையைப் பறித்து வெந்நீரில் கொதிக்கவிட்டு, எரிசாராயத்தில் இட்டுப் பச்சையை நீக்கி, வெந்நீரில் அலசி அயோடின் ஊற்றினால், வெயில் பட்ட பாகம் கருநீலமாகவும் காகிதம் மூடிய பாகம் வெளிறிய பழுப்பாகவும் தெரியும். ஒரே இலையில் கேள்வியும் சாட்சியும் அருகருகே நிற்பது எத்தனை நேர்த்தி, பார்! எரிசாராயத்தை நெருப்பின்மேல் ஒருபோதும் வைக்காதே. அடுப்பை அணைத்தபின், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சாராயக் குழாயை நிறுத்திச் சூடாக்க வேண்டும். அதையும் ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டுமே செய்.

அடுத்து, நாள் முழுதும் வெயிலில் நின்ற வெங்காயத் தாளையும் இவ்வாறே சோதித்துப் பார். அது நீலமாகாது. ஆனால் அதைக் கொண்டு அந்தச் செடி வெயிலில் ஒன்றும் சமைக்கவில்லை என்று எழுதிவிடாதே. வெங்காயம் தன் இலையில் உணவை மாவுச்சத்தாக்காமல் சர்க்கரையாகவே வைத்துக்கொள்ளும் சாதி. தாளை நசுக்கிப் பிழிந்த சாற்றோடு, எளிய சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கும் பெனடிக்ட் கரைசலை உன் ஆசிரியரிடம் கேட்டு வாங்கிச் சேர்த்துச் சூடாக்கினால், அந்த நீலக் கரைசல் செங்கல் நிறத்துக்கு மாறும். பக்கத்தில் வெறும் தண்ணீரோடு அதே கரைசலைச் சேர்த்த குழாய் ஒன்றையும் வைத்துச் சூடாக்கிப் பார்த்துவிட்டு, இரண்டிலும் கண்டதை எனக்கு எழுது.

ஆசீர்வாதங்களுடன்,
உன் மாமா